இன்னா மீனுக்குடா இது?

பார்சல் வந்தபோது நான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அப்பா. எழுந்து வந்து பார்த்தால், கூடத்தில் அந்த நீள அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிரிக்கவில்லை.

"இன்னாடா, பைப்பா?"

பிரித்தேன். உள்ளே ஒரு குழாய், குழாய்க்குள் துணியுறை, உறைக்குள் நாலு துண்டுகள். செருகினால் ஒன்பது அடி. கூடத்தில் நீட்ட இடமில்லாமல் வாசலுக்குப் போனோம். அப்பா பிடியை இடது கையில் வாங்கிக்கொண்டார். வலது தோள் அவருக்கு மேலே எழும்பாமல் போய் ஆறேழு வருடமாகிறது. மணிக்கட்டை மட்டும் அசைத்து லேசாக ஒரு உதறு உதறினார். நுனி நடுங்கி அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் கீது. இன்னா மீனுக்குடா இது?"

இரண்டு மாதம் படித்திருந்தேன். கார்பன் நாரின் தரம், பிடியில் இருக்கும் கார்க்கின் வகை, வளையங்களின் எண்ணிக்கை எல்லாம் கேட்டால் சொல்லியிருப்பேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்திருந்தேன். எந்த மீனுக்கு என்று மட்டும் என்னை நானே ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"எல்லா மீனுக்கும்ப்பா," என்றேன்.

அப்பா கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

*

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கட்டுமானக் கம்பி உருட்டும் ஒரு மில்லில் குவாலிட்டி பிரிவில் வேலை செய்கிறேன். வெட்டிவரும் கம்பித் துண்டுகளை இழுத்துப் பார்ப்பதும் வளைத்துப் பார்ப்பதும்தான் என் வேலை. ரீபெண்ட் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. கம்பியை வளைத்து, கொதிக்கிற தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு எடுத்து, ஆறியதும் கொஞ்சம் நிமிர்த்திப் பார்ப்போம். வளைவின் வெளிப்பக்கத்தில் வெடிப்பு தெரிந்தால் ஃபெயில். கம்பி வளையலாம், வளைந்தபடியே கிடக்கலாம், உடையத்தான் கூடாது. நாளெல்லாம் கம்பி வளைத்துவிட்டு, ஒரு ராத்திரி கேண்டீனில் டீ குடித்துக்கொண்டே போனில் ஒரு வீடியோ பார்த்தேன். முட்டளவு ஆற்றில் ஒருவர் நிற்கிறார். கையில் இருக்கும் கோல் வில்லாக வளைகிறது, உடனே நேராகிறது. கோலிலிருந்து கிளம்பிய மஞ்சள் கயிறு அவருக்குப் பின்னால் காற்றில் முழுதாகப் பிரியும்வரை காத்திருந்து, முன்னால் வீசுகிறார். கயிறு ஒரு சுருளாக உருண்டு போய்த் தண்ணீரில் நீளமாகப் படுக்கிறது. சத்தமே இல்லை. வளைந்து முழுசாகத் திரும்புகிற ஒரு பொருளை நான் வேலையிடத்தில் பார்த்ததில்லை. அன்றைக்கே மாட்டிக்கொண்டேன்.

ஃப்ளை ஃபிஷிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் சாதாரணமாகப் போடும் தூண்டிலில் எடை நுனியில் இருக்கிறது. ஈயக்குண்டோ, கனமான போலி மீனோ பறந்துபோகும், தங்கூஸ் அதன் பின்னால் இழுபடும். ஃப்ளையில் நுனியில் எடையே கிடையாது. முள்ளில் இறகையும் நூலையும் கட்டிச் செய்த ஒரு போலிப் பூச்சி, ஒரு கிராம்கூட வராது. அதை வீச முடியாது. அதனால் கயிற்றையே கனமாகச் செய்து, கயிற்றை வீசுகிறார்கள். பூச்சி அதன் வாலாகப் போய்ச் சேர்கிறது. கோல் என்பது அந்தக் கயிற்றின் எடையை வாங்கி வளைந்து, திருப்பிக் கொடுக்கிற ஸ்பிரிங்.

ஆகவே கோலுக்கு நம்பர் கிடையாது, கயிற்றுக்குத்தான் நம்பர். அந்தக் கயிற்றைச் சுமக்கத் தக்கது என்பதால் கோலிலும் அதே நம்பரை அச்சடிக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் சேர்ந்து வகுத்த கணக்கு இது. கயிற்றின் முதல் 30 அடியை வெட்டி எடை போடுவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருந்தால் அது ஐந்தாம் நம்பர். 210 கிரெய்ன், பதின்மூன்றரை கிராம் இருந்தால் எட்டாம் நம்பர். அடுத்தது, கோல் எங்கே வளைகிறது என்பது. நுனியில் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடுவரை வந்தால் மீடியம், பிடிவரை வளைந்தால் ஸ்லோ. நம்பர், நீளம், வளைவு. கோல் தேர்வு என்பது கடையில் இந்த மூன்றைக் கேட்பதுதான் என்று நினைத்தேன்.

படித்த இடமெல்லாம் ஒன்றைத்தான் சொன்னது. முதல் கோல் வாங்குகிறவர் ஒன்பது அடி, ஐந்தாம் நம்பர், மீடியம் ஃபாஸ்ட். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

*

ஒரு மாதம் மைதானத்தில் பழகினேன். முள்ளுக்குப் பதில் சிவப்பு உல்லன் நூல் கட்டி, நைட் ஷிஃப்ட் முடிந்ததும் காலை ஆறரைக்கு. கிரிக்கெட் ஆடவந்த பையன்கள், "அண்ணா, பட்டம் எங்க?" என்று கேட்டார்கள். தப்பில்லாத கேள்வி. பின்னால் போன கயிறு பிரிவதற்குள் அவசரப்பட்டு முன்னால் வீசினால் சாட்டைபோலச் சொடுக்கும். தாமதித்தால் தரையில் விழும். இரண்டுக்கும் நடுவில், கோல் கையைப் பின்னால் இழுக்கிறமாதிரி ஒரு கணம் வரும். அந்தக் கணம் கைக்குப் பிடிபட மூன்று வாரம் ஆனது.

ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் பொன்னேரி, பொன்னேரியிலிருந்து பஸ். கோலைக் குழாயோடு தோளில் மாட்டியிருந்ததைப் பார்த்த கண்டக்டர், "சர்வேயா சார்?" என்றார். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி பழவேற்காடுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்முனைதான் நமக்கு. ஆரணியாறு இங்கே வந்து சேர்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது இந்தக் கரையில்தான். லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாலத்துக்குக் கீழே, கரையோரம் இறங்கி, கோலைச் செருகினேன்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டவன் நான். என்னிடம் இருந்தது ஒன்பது கிராம் கயிறு. முதல் வீச்சு என் காலடியிலேயே வந்து விழுந்தது. பலம் கூட்டி வீசினேன், கோல் அடிவரை வளைந்து குழைந்தது. வெயில் ஏற ஏற இன்னொரு கூத்து. கயிறு இளகிப் பிசுபிசுத்து, வளையங்களில் ஒட்டிக்கொண்டு, வேகவைத்த சேமியா மாதிரித் தொங்க ஆரம்பித்தது. ஐந்தாவது வீச்சோ ஆறாவதோ, வலப்பக்கத்திலிருந்து அடித்த காற்று கயிற்றைத் தலைக்குமேல் தள்ளியது. பூச்சி என் காது மடலில் வந்து ஏறிக்கொண்டது.

பாலத்துச் சுவரில் சாய்ந்து கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இறங்கிவந்தார். லுங்கி, தலையில் துண்டு. என் காதைத் திருப்பிப் பார்த்து, முள்ளின் வளைவை அமுக்கி, வந்த வழியாகவே ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். கத்தக்கூட நேரமில்லை. அவருடைய தூண்டில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். பாட்டிலைச் சுற்றித் தங்கூஸ், நுனியில் ஈயமும் முள்ளும், முள்ளில் இறால் துண்டு. பையில் நாலைந்து கிழங்கான் கிடந்தது.

என் கோலை எடுத்துப் பார்த்தார். பூச்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது அது.

"இன்னா மீனுக்கு தம்பி இது?"

அதே கேள்வி. இந்தமுறை எல்லா மீனுக்கும் என்று சொல்லத் துணியவில்லை. "தெரியலண்ணே," என்றேன்.

"இங்க கொடுவா கீது. அது மீனைத் துன்ற மீனு, இறாலைத் துன்ற மீனு. கொசுவைக் காட்டினா வருமா?"

*

வீட்டுக்கு வந்து காதில் மஞ்சள் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் புரிந்தது. ஐந்தாம் நம்பர் யாருக்கும் பொதுவான நம்பர் இல்லை. அதற்குள் ஓர் ஊர் இருக்கிறது. குளிர்ந்த மலை ஓடை, இரண்டு கரையிலும் காற்றை மறைக்கும் மரங்கள், தண்ணீருக்குமேல் பறக்கும் சிறு பூச்சிகளை எழும்பித் தின்னும் டிரவுட். மீன் சிறியது, பூச்சி சிறியது, தூரம் குறைவு, காற்றில்லை. அந்த ஊருக்கு ஒன்பது கிராம் போதும். என் கயிறு இளகியதற்கும் அதுதான் காரணம். குளிர்நாட்டுக் கயிறு குளிரில் விறைக்காமல் இருப்பதற்காக மெதுவாகச் செய்யப்படுகிறது. நம் வெயிலில் அது குழைந்துவிடும். வெப்பநாட்டுக்கென்று விறைப்பான உள்நூலோடு தனிக் கயிறு விற்கிறார்கள். எனக்கு அதைத் தேடத் தோன்றவில்லை. நான் நிற்கிற இடத்துக்கு ஒரு வெப்பம் இருக்கிறது, ஒரு காற்று இருக்கிறது என்பதே என் கணக்கில் வரவில்லை.

அந்த ஊரையே இங்கே கொண்டுவந்துவிடப் பார்த்தவர்களும் உண்டு. 'இந்தியாவின் மீன்கள்' என்ற பெரிய நூலை எழுதிய பிரான்சிஸ் டே, மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். 1860களில் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் அந்த ஓடைகளில் நிலைத்தது. தங்கள் கோலுக்கேற்ற மீனை ஊர் தாண்டிக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களிடம் அதற்கு அதிகாரம் இருந்தது. என்னிடம் வார விடுமுறை ஒருநாள்தான் இருந்தது.

அந்தப் பெரியவரைப் பிறகும் நாலைந்து தடவை பார்த்தேன். கோல் இல்லாமல் போனேன். ஒருநாள் கழியின் ஓரிடத்தைக் காட்டி, அங்கே நின்று வீசினால் கொடுவா வருமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "வரும். ஆனா அது பாடு."

பழவேற்காட்டில் இறால் வலை கட்டும் இடங்களை ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்ன இடம் இன்ன நாளில் இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் சுற்றிவரும். அதுதான் பாடு. கரையிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர், வேலி கிடையாது, பலகை கிடையாது. எனக்குக் காலியாகத் தெரிந்த இடத்துக்கு ஒரு கணக்கு இருந்தது, ஒரு வீட்டின் அடுப்பு இருந்தது. முகத்துவாரம் மணல்மூடும் வருடங்களில் கழிக்குள் மீன்வரத்தே குறைந்துபோகும், அப்போது அந்தக் கணக்கு இன்னும் இறுகும். பிடித்த மீனை விட்டுவிடப் போகிறவன்தானே, எங்கே நின்றால் என்ன என்று நான் நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார்.

"புடிச்சிட்டு உடறதுக்கா இம்மாந்தூரம் வர? ஊட்லயே இருந்தா அது பாட்டுக்கு இருக்குமே."

*

அப்பாவிடம் ஒருகாலத்தில் மூன்று கோல்கள் இருந்தன. மூன்றும் கூரை விட்டத்தில் படுக்கையாகச் செருகியிருக்கும். நான் தொடக் கூடாது.

கெண்டைக்கு ஒன்று, விரல் பருமனில், நுனி ஈர்க்குச்சிபோல. கெண்டை இரையைச் சுவைத்துப் பார்த்துத் துப்பிவிடும், அந்தச் சுவைப்பு கைக்குத் தெரிய வேண்டும். விராலுக்கு ஒன்று, அடி தடித்தது, வளையவே வளையாது. விரால் தவளையைக் கவ்வியதும் ஆகாயத்தாமரைக்கு அடியில் போய் நுழைந்துகொள்ளும். விளையாட்டுக் காட்ட நேரமில்லை, அப்படியே தூக்கி வரப்பில் போட வேண்டும். மூன்றாவது கெளுத்திக்கு, ராத்திரியில் கரையில் குத்திவைத்துவிட்டு உட்கார்ந்திருக்க.

மூன்றையும் அவரே தேர்ந்தெடுத்தார். கல்மூங்கில்தான் வேண்டும், தேய்பிறையில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டு துளைக்கும் என்பார். நிழலில் காயவைத்து, கோணலை நெருப்பில் காட்டி நிமிர்த்துவார். கடைசியில் ஒரு சோதனை உண்டு. அடியைச் சன்னல் கம்பியில் கட்டிவிட்டு, நுனியில் நனைத்த துண்டைத் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். எங்கிருந்து வளைகிறது, எவ்வளவு வளைகிறது. "இது கெண்டைக்கு ஆவும்," "இது ஆவாது, பந்தலுக்கு வெச்சிக்கோ."

பல வருடம் கழித்து, கோல்களை அளக்க அமெரிக்கர் ஒருவர் சொன்ன முறையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு அதில் ஒவ்வொரு காசாகப் போட வேண்டும். கோல் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வளைவதற்கு எத்தனை காசு பிடித்தது என்று எண்ணினால் அதன் உண்மையான நம்பர் தெரியும். காசுக்குப் பதில் ஈரத்துண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். கம்பெனி லேபில் நான் செய்வதும் இதேதான்.

ஆங்கிலப் புத்தகங்களில் வரும் கோல்களின் கதையும் அந்த விட்டத்தைத் தாண்டி எங்கேயோ போய்விடவில்லை. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை எழுதினார். 1887இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று இன்னொன்று. அதே காலத்தில் மேற்கே மூங்கிலை ஆறு சீவலாகப் பிளந்து, ஒட்டி, அறுகோணக் கோல் செய்யத் தொடங்கியிருந்தார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய மூங்கில். கல்மூங்கில் என்று நாம் சொல்வது அதைத்தான். நெருப்புக் காட்டிய கருந்தழும்பு அதன்மேல் இருக்குமாம். பிறகு சீனத்தின் குவாங்டாங் பக்கத்து டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. 1950இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடைபோட்டதும் மூங்கில் வரத்து நின்று, கண்ணாடி நார்க் கோல்கள் சந்தையை எடுத்துக்கொண்டன. 1970களில் கார்பன் வந்தது. என் கையில் இருக்கும் ஒன்பது அடிக்கு அப்பாவின் கோலும் ஒரு தூரத்துப் பாட்டன்.

ஆனால் அப்பாவின் மூன்று கோலும் இப்போது இல்லை. ஒன்று பந்தலுக்குப் போனது, ஒன்று ஒட்டடைக் கம்பானது. இன்னொன்று என்ன ஆனதென்று தெரியாது.

*

நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது ஒருநாள் காலை எங்கள் ஏரியில் மீன் மிதந்தது. முதல்நாள் ராத்திரி மழை. கலங்கல் பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறு. கெண்டை, குறவை, பாம்புபோலச் சாகாமல் கிடக்கும் விரால்கூட. தண்ணீரில் எண்ணெய் மாதிரி ஒரு மினுக்கு. அதிகாரிகள் வந்தார்கள், பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கிருந்து என்ன வந்தது என்று எங்கள் ஊருக்கு யாரும் எழுத்தில் சொல்லவில்லை. சுற்றியிருக்கும் புகைபோக்கிகளில் ஏதோ ஒன்று என்று எல்லோருக்கும் ஒரு கணக்கு, ஆளுக்கொரு கணக்கு. அந்தப் புகைபோக்கிகளில் ஒன்றின் கீழேதான் அப்பா ஒப்பந்தக் கூலியாக இருந்தார். கம்பிக்கட்டு தூக்கித் தூக்கித்தான் அந்தத் தோள் போனது.

அன்றைக்குப் பிறகு அப்பா அந்த ஏரியில் தூண்டில் போடவில்லை. அடுத்த வருடமே நல்ல மழை பெய்து, மீன் வந்து, மற்றவர்கள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் போகவில்லை. மார்க்கெட்டில் கடல்மீன் மட்டும் வாங்குவார். காரணம் கேட்டால், "நேரம் எங்க கீது?" என்பார்.

நான் வாங்கிய கோலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதே வளாகத்தின் இன்னொரு புகைபோக்கி. இதை ஒரு குற்ற ஒப்புதலாகச் சொல்லவில்லை. சிப்காட் இல்லையென்றால் நான் படித்திருக்க மாட்டேன், வீட்டுக்குத் தளம் போட்டிருக்க மாட்டோம். ஆனால் அப்பா வாசலில் நின்று "இன்னா மீனுக்குடா இது?" என்று கேட்டபோது நான் கேட்க மறந்த இன்னொன்றும் அதில் இருந்தது. எந்தத் தண்ணியில நிக்கப்போற? அவர் கோல் தேர்ந்தெடுத்த வரிசை அதுதான். முதலில் தண்ணீர், அப்புறம் அதில் என்ன மீன், அது எதைத் தின்னும், எப்படி ஓடும், கடைசியாகக் கோல். தண்ணீர் போனதும் அவருக்குக் கோலும் தேவைப்படவில்லை. நான் கோலிலிருந்து தொடங்கினேன், என் தலைமுறைக்கு அது பழக்கமாகிவிட்டது. பொருளை முதலில் வாங்கிவிடுகிறோம், இடத்தை அப்புறம் தேடுகிறோம்.

*

இந்தப் பக்கத்தில் யாராவது ஃப்ளை கோல் வாங்க நினைத்தால், இரண்டு வருடம் உதைபட்டவனாகச் சிலதைச் சொல்லலாம்.

உப்பங்கழி, கொடுவா என்றால் ஒன்பது அடி, எட்டாம் நம்பர், ஃபாஸ்ட். கொடுவாவுக்குக் காட்டும் பூச்சி விரல் நீளம் இருக்கும், நனைந்தால் இன்னும் கனக்கும். அதைக் காற்றில் சுமந்துபோக எடையுள்ள கயிறு வேண்டும், அந்தக் கயிற்றை விரட்ட விறைப்பான கோல் வேண்டும். கயிறு வெப்பநாட்டுக்கானது என்று உறையில் எழுதியிருக்கிறதா பாருங்கள். கோலில் மிச்சம் பிடித்துக் கயிற்றில் செலவு செய்யுங்கள், வீசுவது கயிறுதான். ரீலையும் பிடியின் உலோகத்தையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு ஒரு மாதத்தில் தின்றுவிடும். மதியத்துக்குமேல் கடல்காற்று எழும், விடியற்காலையில் போங்கள். காற்று வலப்பக்கம் அடித்தால் இடம் மாறி நில்லுங்கள், என் காது சாட்சி. எல்லாவற்றுக்கும் முன்னால், அங்கே பிழைக்கிறவர்களிடம் எங்கே நிற்கலாம் என்று கேளுங்கள்.

இவ்வளவும் தெரிந்தபிறகு நான் எட்டாம் நம்பர் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு தடவை ஆர்டர் போடப்போய் நிறுத்தினேன். இருக்கிற கோலுக்கு ஏற்ற தண்ணீர் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடத் தோன்றியது. காற்று மறைந்த இடம், சிறிய மீன், சிறிய பூச்சி தின்னும் மீன்.

இருந்தது. ஆந்திரத்திலிருந்து இறங்கிவரும் ஆரணியாறு வருடத்தில் பாதிநாள் மணல்தான். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தடுப்பணைகளில் மட்டும் தண்ணீர் நிற்கும். அப்படி ஒன்றை, பனையும் நாணலும் மறைத்த ஒரு மடுவை, மார்கழியில் சைக்கிளில் சுற்றிக் கண்டுபிடித்தேன். அதில் ஜிலேபி இருந்தது. 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். இன்றைக்கு அது இல்லாத குளம் அபூர்வம். பாசியும் தின்னும், புழு பூச்சியும் தின்னும். அதைப் பிடித்து எடுப்பதில் ஆற்றுக்கு நஷ்டமில்லை.

பூச்சிகளை நானே கட்டினேன். உலகமெங்கும் பூச்சி கட்டுகிறவர்கள் ஏங்குவது நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்கு, மெழுகுப் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். அந்தப் பறவையைத் தொடச் சட்டம் விடாது, விடவும் கூடாது. எனக்கு அம்மா வளர்க்கும் நாட்டுச் சேவல் போதுமானதாக இருந்தது.

*

தை பிறந்து ஒரு ஞாயிறு. "சும்மா வாப்பா, ஒக்காந்துனு இரு," என்று அப்பாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். மடுவை அடைந்ததும் நான் கோலைச் செருக ஆரம்பித்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தண்ணீரோரம் போய்க் குந்தினார். ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். கொட்டிவிட்டு மறுபடி அள்ளினார். ஒரு கல்லைப் புரட்டி அடியில் என்ன ஊர்கிறது என்று பார்த்தார். எதிர்க்கரையில் மீன்கொத்தி ஒன்று ஒரே பனைமட்டையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பத்து நிமிஷம் இருக்கும்.

"கீது," என்றார்.

நான் நாலைந்து வீச்சு வீசினேன். காற்றே இல்லை. ஒன்பது கிராமும் முழுசாகப் பிரிந்து, போட்ட இடத்தில் போய்ப் படுத்தது. வாங்கின நாளிலிருந்து முதல்முறையாக அந்தக் கோல் அதன் ஊரில் இருந்தது. ஒரு ஜிலேபி வந்து மோதிவிட்டுப் போனது. நான் பதறி முன்னாலேயே இழுத்துவிட்டேன்.

"குட்றா இங்க."

இடது கையில் வாங்கினார். தோளைத் தூக்காமல் வீசுவதற்கு ஒரு முறை இருக்கிறது, ரோல் காஸ்ட் என்று பெயர். கயிற்றைப் பின்னால் பறக்கவிட வேண்டாம். தண்ணீரிலேயே மெதுவாக இழுத்துவந்து, காதுப்பக்கம் நிறுத்தி, முன்கையால் ஒரு வெட்டு. கயிறு பாய் விரிவதுபோல உருண்டு போகும். இரண்டு தடவை செய்து காட்டினேன். மூன்றாவது தடவை நான் சொல்வதை அவர் கேட்கவில்லை. பதினைந்து அடிதான் போனது. அது போதும், நாணலுக்குப் பக்கத்தில் பூச்சி போய் விழுந்தது. அவர் கயிற்றைப் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, பிடித்திருந்த கையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோல் நடுவரை வளைந்தது.

"நுனி பேசுதுடா," என்றார்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மீன். நான் கையை நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றித் திரும்பத் தண்ணீருக்குக் குனிந்தேன். வீடியோக்களில் அப்படித்தான் பார்த்திருந்தேன்.

"எங்க உடற? இப்டி குடு."

மீனை வாங்கி, கட்டைவிரலால் செவுளை விரித்தார். உள்ளே சிவப்பாக இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். திருப்பி மறுபக்கச் செவுளையும் விரித்து மோந்தார். ஏரி மிதந்த அன்று காலை கலங்கலில் நின்று ஒவ்வொரு மீனாக எடுத்து அவர் இதையேதான் செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு எதையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அவசரப்படவில்லை. பிறகு தலைத்துண்டை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்து, மீனை அதில் சுற்றி நிழலில் வைத்தார்.

"இன்னும் ரெண்டு வந்தா போதும். கொழம்பு வேணாம், வறுத்துடச் சொல்லு உங்கம்மாவ," என்று சொல்லிவிட்டு, கயிற்றைத் தண்ணீரில் மெதுவாக இழுக்க ஆரம்பித்தார்.